அரசாணை போட்டுக் கட்டிய சேரி

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சென்னையின் மேற்குப் புறநகருக்கு இரண்டு வகையான மக்கள் வந்து சேர்ந்திருக்கிறார்கள். முதல் வகையினர் வங்கியில் கடன் வாங்கி, மாதிரி வீட்டைச் சுற்றிப் பார்த்து, வாஸ்து விசாரித்து, ஐயரை வைத்துக் கிரகப்பிரவேசம் நடத்திக் குடிவந்தவர்கள். நான் வசிக்கும் நூம்பலிலும் பக்கத்து அயனம்பாக்கத்திலும் காட்டுப்பாக்கத்திலும் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். இரண்டாம் வகையினர் ஜேசிபி ஒரு பக்கமும் போலீஸ் மறுபக்கமும் நிற்க, கையில் ஒரு டோக்கனோடு, பாத்திரம் பண்டத்தோடு லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அத்திப்பட்டிலும், திருமழிசையைத் தாண்டிக் கூடப்பாக்கத்திலும் உள்ள வாரியக் குடியிருப்புகளில் கூவம் கரையிலிருந்து அகற்றப்பட்ட இந்த மக்கள் இருக்கிறார்கள்.

முதல் வகையினரை 'ஃபிளாட் வாங்கி வந்தவங்க' என்கிறோம். இரண்டாம் வகையினரை 'ஹவுசிங் போர்டு ஆளுங்க' என்கிறோம். இரண்டு பெயரிலும் சாதி இல்லை. ஆனால் இரண்டையும் உச்சரிக்கும் தொனியில் சாதி இருப்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

அரசு இதை 'ஏழைகளுக்கான வீட்டுவசதி' என்கிறது. முற்போக்குப் பேசும் நம்மில் பலரும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். குடிநீர் வரவில்லை, லிஃப்ட் ஓடவில்லை, பேருந்து போதவில்லை என்று குறைகளைப் பட்டியலிட்டுவிட்டு, 'வசதிகளைச் செய்து கொடுங்கள்' என்று முடித்துக்கொள்கிறோம். வசதிகள் வேண்டும், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லா வசதியும் செய்து கொடுத்த பிறகும் ஒரு கேள்வி மிச்சமிருக்கும். நகரத்தின் நடுவில் வாழ்ந்த ஒடுக்கப்பட்ட மக்களை மட்டும் பொறுக்கி எடுத்து, நகரத்தின் விளிம்பில் ஓரிடத்தில் குவித்து வைப்பதற்கு ஊரில் என்ன பெயர்? சேரி என்று பெயர். பழைய சேரியை ஊர் உருவாக்கியது. இந்தச் சேரியை அரசாணை உருவாக்கியிருக்கிறது.

யார் ஆக்கிரமிப்பாளர்?

கூவம் எங்கள் பகுதியைக் கடந்துதான் நகரத்துக்குள் போகிறது. திருவேற்காடு, மதுரவாயல் வழியாக ஓடி, அமைந்தகரை, சேத்துப்பட்டு, சிந்தாதிரிப்பேட்டை என வளைந்து நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. நகரத்துக்குள் அதன் கரையில் இரண்டு மூன்று தலைமுறையாக வாழ்ந்தவர்கள் யார்? செங்கல்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் நிலமற்றவர்களாக வந்தவர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், மாநகராட்சியில் குப்பை அள்ளினார்கள், ரிக்‌ஷா இழுத்தார்கள், கட்டடம் கட்டினார்கள், வீட்டு வேலை செய்தார்கள். அவர்களில் தலித்துகள் பெருமளவினர். கூடவே இசுலாமியர்கள், மீனவர்கள், பிற்படுத்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஏழைகள். கிராமத்தில் இவர்களுக்கு நிலம் இல்லாமல் போனதற்குக் காரணம் சாதி. நகரத்தில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் போனதற்கும் காரணம் சாதி. வேறு யாருக்கும் வேண்டாத சாக்கடைக் கரை மட்டும்தான் சாதி கேட்காமல் இடம் கொடுத்தது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அந்தக் கரையும் பறிபோனது. கூவம் சீரமைப்புத் திட்டத்துக்காக அகற்ற வேண்டியவை என்று 14,000க்கும் அதிகமான குடும்பங்கள் கணக்கெடுக்கப்பட்டன. வெள்ளத்துக்குக் காரணமே அந்தக் குடிசைகள்தான் என்பதுபோலப் பேசினார்கள். 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற சொல் ஒவ்வொரு செய்தியிலும் வந்தது.

இதே கூவத்தில்தான் துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலைக்கான தூண்களை ஆற்றுக்குள்ளேயே இறக்கினார்கள். 2009இல் அடிக்கல் நாட்டப்பட்ட திட்டம் அது. தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று சொல்லி 2012இல் மாநில அரசே வேலையை நிறுத்தியது. பாதி எழும்பிய தூண்கள் பல ஆண்டுகள் ஆற்றிலேயே நின்றன. 2022இல் மறுபடியும் அடிக்கல் நாட்டினார்கள். பக்கிங்காம் கால்வாயின் மேலேயே பறக்கும் ரயிலும் அதன் நிலையங்களும் நிற்கின்றன. அவற்றை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்வதில்லை, 'உள்கட்டமைப்பு' என்கிறார்கள். கான்கிரீட் தூண் ஆற்றுக்குள் நின்றால் வளர்ச்சி. கரையில் ஒரு தலித் குடும்பம் கீற்றுக் கொட்டகை போட்டால் குற்றம்.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி மக்களைக் கொண்டுபோன இடங்கள் எவை? பெரும்பாக்கமும் செம்மஞ்சேரியும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் வெள்ளம் பரவும் தாழ்வான பகுதிகள். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி மூழ்கியதைப் பார்த்த பிறகும் கரையோர மக்களை அதே திசைக்கு அனுப்பினார்கள். அக்கறை வெள்ளத்தைப் பற்றியது என்றால் இது நடந்திருக்காது. ஆற்றங்கரை நிலத்தின் மதிப்பு ஏறிவிட்டது, அங்கே நடைபாதையும் பூங்காவும் வர வேண்டும், பார்ப்பதற்கு 'அழகாக' இருக்க வேண்டும். அந்த அழகுக்கு இடையூறாக இருந்தவர்கள் அந்த மக்கள்.

ஒரு நாளின் நீளம்

இடம் மாற்றப்பட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ள ஆய்வேடு எதுவும் தேவையில்லை. காலையில் பூந்தமல்லியிலிருந்து நகரத்துக்குள் போகும் சாதாரணப் பேருந்தில் ஏறினால் போதும். கூடப்பாக்கத்திலிருந்து அமைந்தகரைக்கு வீட்டு வேலைக்குப் போகும் ஓர் அக்காவோடு சில மாதங்களாகப் பேசி வருகிறேன். முன்பு வேலை செய்யும் வீடுகளுக்கும் அவருடைய வீட்டுக்கும் பத்து நிமிட நடை. மூன்று வீட்டு வேலையை முடித்துவிட்டு, நடுவில் வந்து பிள்ளைக்குச் சோறு போட்டுவிட்டுப் போவார்.

"இப்ப நாலு மணிக்கு எழுந்தாத்தான் தம்பி முடியுது. ரெண்டு பஸ் மாறணும். மூணு வீட்டுல ரெண்டு வீட்ட விட்டுட்டேன். திரும்பி வர்றதுக்குள்ள தண்ணி விட்டு நிறுத்திடுறாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு ரெண்டு குடம் புடிச்சு வெச்சா உண்டு" என்றார். சம்பளம் குறைந்தது, செலவு கூடியது, பிள்ளை தனியாக இருக்கிறது. இவ்வளவும் ஒரே ஒரு முகவரி மாற்றத்தால் நடந்தவை.

2021இலிருந்து சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது எத்தனை பெரிய உதவி என்பதை இந்தப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் கட்டணமில்லாப் பேருந்து காசைத்தான் மிச்சப்படுத்தும், போகும் நேரத்தைத் திருப்பித் தராது. தினமும் சாலையிலேயே கழியும் மூன்று நான்கு மணி நேரத்தை யார் கணக்கில் எழுதுவது?

மற்றதெல்லாம் இந்தத் தூரத்திலிருந்து முளைப்பவைதான். சத்தியவாணி முத்து நகர் மக்களை 2019 டிசம்பர் கடைசியில், கல்வியாண்டின் நடுவில், பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம் இருக்கும்போது பள்ளியிலிருந்து பிள்ளையைப் பிடுங்கினால் என்ன ஆகும் என்பது ஆசிரியராக இருந்த எவருக்கும் தெரியும். பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள். லிஃப்ட் நின்றுவிட்டால் எட்டாவது மாடிக்குக் குடம் தூக்குவது பெண்கள்தான். அந்த மாடியில் இருக்கும் பாட்டி கீழே இறங்குவதே இல்லை. அதே மாடியில் ஒருவர் இறந்துவிட்டால் உடலை எப்படி இறக்குவது, வாசலில் கிடத்திப் பறை அடித்து வழியனுப்ப இடம் எங்கே என்பதை வரைபடம் போட்ட பொறியாளர் யோசித்திருக்க மாட்டார். கண்ணகி நகரின் தொடக்ககால வீடுகள் சுமார் 200 சதுர அடிதான். புதிதாகத் திருமணமானவர்களும் வயதான பெற்றோரும் படிக்கும் தங்கையும் அந்த ஒற்றை அறைக்குள்தான் இருக்க வேண்டும்.

வெளியே வந்தால் முகவரி துரத்தும். நேர்முகத் தேர்வில் 'எங்க இருந்து வர்றீங்க?' என்ற கேள்விக்குக் கண்ணகி நகர் என்று சொல்லலாமா, துரைப்பாக்கம் என்று சொல்லிச் சமாளிக்கலாமா என்று பட்டம் முடித்த பிள்ளைகள் யோசிக்கிறார்கள். எங்கேயாவது ஒரு செல்போன் திருட்டு நடந்தால் போலீஸ் வண்டி முதலில் வந்து நிற்பது இங்கேதான். முடிக்குச் சாயம் அடித்த பையனைப் பார்த்ததும் 'புள்ளிங்கோ' என்று மீம் போடுகிறீர்கள். அதே முடி ஓ.எம்.ஆர். காபிக் கடையில் உட்கார்ந்திருந்தால் அது ஃபேஷன். அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து வருகிறது என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலைக்கு வேண்டும், பக்கத்தில் வேண்டாம்

நூம்பலில் நான் வீடு தேடியபோது ஒரு தரகர் வாடகையையும் முன்பணத்தையும் சொல்வதற்கு முன்பே 'சார் நான்வெஜ்ஜா?' என்று கேட்டார். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி, 'சொந்த ஊர்ல எந்தத் தெரு?' என்று வந்தது. அது தெருவின் பெயரைக் கேட்கும் கேள்வி இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். முனைவர் பட்ட ஆய்வு மாணவனுக்கே இதுதான் நிலைமை. இப்படி நூறு வீடுகளில் கதவு மூடப்பட்டவர்களுக்குத்தான் ஆற்றங்கரை மிச்சமிருந்தது. 'ஏன் புறம்போக்கில் குடியேறினார்கள், வாடகைக்குப் போக வேண்டியதுதானே' என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் வீட்டு மாடியை யாருக்கு வாடகைக்கு விடுவார்கள் என்று சொல்லட்டும்.

ஆனால் இதே அடுக்குமாடிகளில் காலை ஆறரைக்குப் பாத்திரம் துலக்கவும், ஏழு மணிக்குக் குப்பை எடுக்கவும், இரவெல்லாம் வாசலில் காவல் இருக்கவும் அந்த மக்கள் வேண்டும். சாதியச் சமூகத்துக்கு எப்போதும் இந்த இரண்டும் சேர்ந்தே தேவைப்பட்டன: உழைப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், உழைப்பவர் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். தீண்டாமை என்பது பழகாமல் ஒதுங்கியிருப்பது மட்டுமன்று, ஒரு மக்கள் கூட்டத்தையே தனி நிலப்பரப்பில் அடைத்து வைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கியது இதைத்தான்.

கிராமத்தில் ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஒரு வயலோ ஓடையோ இருக்கும். சில இடங்களில் சுவரே எழுப்பினார்கள். உத்தபுரத்துச் சுவரை எதிர்த்துப் போராட முடிந்தது, 2008இல் அதன் ஒரு பகுதியை இடிக்கவும் முடிந்தது. இருபத்தைந்து கிலோமீட்டர் தூரத்தை எந்தக் கடப்பாறையால் இடிப்பது?

'சாதி பார்க்கவில்லை' என்ற பொய்

இதற்கு அதிகாரிகளிடம் ஒரு தயாரான பதில் உண்டு: 'நாங்கள் சாதி பார்த்து யாரையும் அனுப்பவில்லை. அங்கே எல்லாச் சாதி ஏழைகளும்தான் இருக்கிறார்கள்.'

எல்லாச் சாதியிலும் சிலர் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் சாதியைப் பார்க்காமல் ஒரு குடியிருப்பை உருவாக்கினால் அது எப்படி முடியும் என்பது இந்த அரசுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததால்தான் சமத்துவபுரம் கட்டினார்கள். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவு சமத்துவபுரத்திலிருந்தே விதி தெளிவாக இருந்தது. நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர், 25 பிற்படுத்தப்பட்டோர், 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், 10 இதர பிரிவினர். வீடுகள் கலந்து இருக்க வேண்டும், இடுகாடும் ஒன்றாக இருக்க வேண்டும். கூடப்பாக்கத்துக்கு அருகில் உள்ள குத்தம்பாக்கத்தில், 1996இல் ஊராட்சித் தலைவரான இளங்கோவின் முயற்சியில், ஒட்டிப் பிறந்த இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரு பாதியில் தலித் குடும்பம், மறுபாதியில் தலித் அல்லாத குடும்பம், நடுவில் ஒரே சுவர்.

ஆக, கலக்க வேண்டும் என்று நினைத்தபோது விகிதம் போட்டு எழுதத் தெரிந்தது. கண்ணகி நகரில் 15,000க்கும் அதிகமான வீடுகள், பெரும்பாக்கத்தில் 20,000க்கும் அதிகமான வீடுகள் கட்டியபோது அந்த விகிதக் கணக்கு எங்கே போனது? கிராமத்தில் நூறு வீட்டுக்குச் சமத்துவம், நகரத்தில் ஆயிரக்கணக்கான வீட்டுக்குச் சேரியா? நகரத்தில் சாதி இல்லை என்று யார் சொன்னது?

நகரத்திலும் கலந்து கட்டிய முன்னுதாரணம் இருக்கிறது, அதுவும் எங்கள் மேற்குப் பகுதியிலேயே. உலக வங்கிக் கடனில் 1970களின் இறுதியிலும் 80களிலும் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் மனைத் திட்டங்கள் வந்தன. ஒரே மனைப்பிரிவில் நலிந்த பிரிவினருக்குச் சிறு மனை, அடுத்த தெருவில் நடுத்தர வருவாய்க்காரர்களுக்குப் பெரிய மனை. குறைகள் அவற்றிலும் உண்டு. ஆனால் முகப்பேரில் சிறு மனையில் வீடு கட்டிய ஒருவரின் முகவரியைக் கேட்டு எந்த நிறுவனமும் முகம் சுளிப்பதில்லை. முகவரி எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான் இழிவு ஒட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த வாரியம் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கியபோது, குடிசை இருந்த இடத்திலேயே மூன்று நான்கு மாடிக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். 'மெட்ராஸ்' படத்தில் நாம் பார்த்த வியாசர்பாடி அந்த வகை வாழ்க்கைதான். அந்தக் கட்டடங்கள் ஒழுகலாம், விரிசல் விடலாம். ஆனால் அங்கிருந்து துறைமுகத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் ஸ்டான்லி மருத்துவமனைக்கும் போய்வர முடிந்தது. அந்த அருகாமையில்தான் கால்பந்து வளர்ந்தது, கானா வளர்ந்தது, இரவுப் பாடசாலைகள் வளர்ந்தன, முதல் தலைமுறை வழக்கறிஞர்கள் வந்தார்கள், அரசியல் வந்தது. நகரத்தின் நடுவில் அமைப்பாக நின்ற மக்கள் அவர்கள். 2000க்குப் பிறகு அந்த அமைப்பையும் சேர்த்துத்தான் கலைத்திருக்கிறார்கள். ஒரே குப்பத்துக்காரர்களை வேறு வேறு பிளாக்குகளுக்கும் வேறு வேறு திட்டப் பகுதிகளுக்கும் பிரித்துப் போட்டால், சங்கம் ஏது, போராட்டம் ஏது?

ஓசி வீடும் சுவர் ஓவியமும்

'குடிசைக்குப் பதில் கான்கிரீட் வீடு கொடுத்திருக்கிறார்கள், அதுவும் ஓசியில்' என்பது அடுத்த வாதம். அந்த கான்கிரீட்டின் லட்சணத்தை 2021இல் புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் பார்த்தோம். புதுக் கட்டடத்தின் சுவரில் கை வைத்தால் பூச்சு உதிர்ந்தது. அதே ஆண்டு டிசம்பரில் திருவொற்றியூரில் வாரியக் கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைக் கவனித்து மக்கள் வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார்கள். ஓசி என்பதும் பொய். பல திட்டங்களில் பயனாளி பங்களிப்பு என்று பணம் கேட்கிறார்கள். அதைவிட, நகரத்தின் நடுவில் கோடிகள் பெறும் நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு விளிம்பில் ஒரு சிறு வீட்டை வாங்கியவர்கள் அரசுக்குக் கடன்பட்டவர்களா, அரசு அவர்களுக்குக் கடன்பட்டதா?

2020இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டன. படம் பிடிக்கப் பலர் வந்தார்கள். ஓவியம் அழகாகத்தான் இருக்கிறது. 2021இல் வாரியத்தின் பெயரை 'தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாற்றினார்கள். 'குடிசை' என்ற சொல் போனது, அதுவும் நல்லதுதான். 2025இல் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற கபடி அணியில் விளையாடிய கார்த்திகா தன்னைக் கண்ணகி நகர் கார்த்திகா என்றே அழைத்துக்கொண்டபோது, அந்தப் பெயரைச் சொல்லக் கூசிய ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிமிர்ந்தார்கள். அது அந்தப் பெண்ணின் வெற்றி, அந்தத் தெருக்களின் வெற்றி. அரசு அதைத் தன் மறுகுடியமர்வுத் திட்டத்தின் வெற்றியாகக் காட்டிக்கொள்ள உரிமை இல்லை. அவர் வென்றது அந்தத் திட்டம் உண்டாக்கிய தடைகளைத் தாண்டி.

என்ன கேட்கப் போகிறோம்?

வாழ்வாதாரமும் உயிர் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985இலேயே சொல்லிவிட்டது. அதன் பிறகும் 2022 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒரு முதியவர் தீக்குளித்து உயிரை விட்டார். எனவே கோரிக்கைகளை மழுப்பாமல் வைப்போம்.

ஒன்று, நகரத்துக்குள் ஒரு குடும்பத்தை அகற்றினால், அவர்கள் நடந்தோ ஒரே பேருந்திலோ வேலைக்கும் பள்ளிக்கும் போகக்கூடிய தூரத்தில்தான் மாற்று வீடு தர வேண்டும். அரசிடம் நிலம் இல்லை என்ற பதிலை ஏற்க முடியாது. பூங்காவுக்கும் வணிக வளாகத்துக்கும் நிலம் கிடைக்கிற நகரம் இது.

இரண்டு, ஒவ்வொரு வாரியக் குடியிருப்பிலும் எந்தச் சமூகத்தினர் எத்தனை குடும்பம் என்ற கணக்கை அரசு வெளியிட வேண்டும். சாதிவாரிக் கணக்கெடுப்பு வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிற கட்சிகள், தாங்களே கட்டிய கட்டடங்களில் அதைத் தொடங்கட்டும்.

மூன்று, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளில் 10 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று நம் கட்டட விதிகளில் இருக்கிறது. நூம்பலைச் சுற்றி முளைக்கும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் அந்த 10 விழுக்காடு எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். இதற்குத் தலைவர் யாரும் வர வேண்டியதில்லை, ஒரு தாளும் பத்து ரூபாயும் போதும்.

நான்கு, ஏற்கெனவே குடியமர்த்தப்பட்ட மக்களைக் காத்திருக்க வைக்கக் கூடாது. கிரையப் பத்திரம், போதுமான பேருந்து, பள்ளி, இடுகாடு ஆகியவற்றை அந்த மக்களின் குழுக்களோடு உட்கார்ந்து பேசி, தேதி குறித்துச் செய்து தர வேண்டும்.

கடைசியாக, இதைப் படிக்கும் தோழர்களில் அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு. உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் 'இங்கே யாருக்கெல்லாம் வாடகைக்கு விட மாட்டோம்?' என்று வெளிப்படையாகக் கேளுங்கள். வேலைக்கு வரும் பெண்கள் எந்த லிஃப்ட்டில் ஏறலாம், எங்கே உட்கார்ந்து சாப்பிடலாம், எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்று கேளுங்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து உங்களை நீக்கிவிடக்கூடும். நீக்கட்டும். லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்க மாட்டார்கள்.